கயாக் கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவது எப்படி?

கயாக் என்பது கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு. அது கவிழ்ந்தால் வெளியே வர, பழகியவருக்குச் சில விநாடிகள் போதும். அதைவிட அதிக நேரம் உங்களால் மூச்சை அடக்க முடியும். தலைகீழாகத் தொங்கும்போது அது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

இடுப்புக்கு மேல் ஆழமுள்ள, கல் இல்லாத, ஓட்டமில்லாத தண்ணீரில் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் சில தடவை ஸ்பிரே ஸ்கர்ட் (உட்காரும் துளைக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டி, துளையின் விளிம்பில் பொருத்தும் உறை) வேண்டாம்.

1. ஸ்கர்ட் மாட்டியதும் அதன் முன்பக்க வளையம் வெளியே இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஸ்கர்ட்டைக் கழற்ற இழுப்பது அதைத்தான், உள்ளே மடிந்துவிட்டால் பெரிய தொல்லை.

2. சாதாரணமாக ஒரு மூச்சு இழுங்கள். கவிழும் முன் வேகவேகமாக இழுத்து விடுவது ஆபத்து. அதனால் உடலில் ஆக்சிஜன் பெரிதாக அதிகரிக்காது, கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் மயங்கிவிடலாம்.

3. கவிழும்போது முன்னால் குனிந்து முகத்தைப் படகோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கல்லில் அடிபடுவதானால் முகத்துக்குப் பதில் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிக்கொள்ளும்.

4. வாயை மூடி 'ம்ம்ம்' என்று மெதுவாக முனகுங்கள். காற்று மூக்கு வழியாகக் கசிவதால் தண்ணீர் ஏறாது. முழு மூச்சையும் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். மூக்குக் கிளிப் போடலாம், ஆனால் அது இல்லாமலும் பழகுங்கள். நிஜமாகக் கவிழும்போது அது மூக்கில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

5. படகின் அடியை மூன்று முறை தட்டுங்கள். உதவி வேண்டும் என்று அர்த்தம். கைக்கு வேலை கொடுத்தால் பதற்றமும் கொஞ்சம் அடங்கும்.

6. வளையத்தை முதலில் படகின் முனைப் பக்கமாகத் தள்ளி, பிறகு விலக்கி இழுங்கள். ஸ்கர்ட் கழன்றுவிடும். இடுப்புக்கு இருபுறமும் விளிம்பில் கை ஊன்றி, முழங்கால்களைத் தளர்த்தி, பேன்ட் கழற்றுவதுபோல் படகைக் காலிலிருந்து உருவுங்கள். எல்லோருக்கும் பின்னால் சாயத்தான் தோன்றும். சாய்ந்தால் தொடை மாட்டிக்கொள்ளும். குனிந்தபடியே வாருங்கள்.

வெளியே வந்ததும் படகை விடாதீர்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் மூச்சு தானாகவே வாரி வாரி இழுக்கும். ஒரு நிமிடம் போல மிதந்தபடி, அது அடங்கிய பிறகு நீந்துங்கள்.

ஆற்றில் என்றால் நீரோட்டம் வரும் பக்கத்தில் இருங்கள், இல்லாவிட்டால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்க நேரும். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. கல்லிடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளைக் கீழே அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, பாதங்களை நீர்மட்டத்தில் ஓட்டம் போகும் திசைக்கு நீட்டி, கையால் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.