தட்டணுச் சோதனைக்கு இரத்தம் எடுக்கும் முன்னும் பின்னும்

இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை (பிளேட்லெட்) அடக்கும் தட்டணு எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொள்ளும் இதய நோயாளிகள் அனைவருக்கும், அந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் தட்டணுச் செயற்பாட்டுச் சோதனை தேவையில்லை. சோதனை முடிவைப் பார்த்து மருந்தை மாற்றியதால் மாரடைப்பு முதலிய பாதிப்புகள் குறையவில்லை என்பதை 2011இல் வெளியான கிராவிடாஸ் ஆய்வும் 2012இல் வெளியான ஆர்க்டிக் ஆய்வும் காட்டின. மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்தவருக்கும், பைபாஸ் அறுவைக்குக் காத்திருப்பவருக்கும், இரத்தக்கசிவுக்கு அஞ்சி மருந்தின் வீரியத்தைக் குறைக்க நினைக்கும் நிலையிலும்தான் இது உண்மையில் உதவுகிறது.

முதலில் எந்த மருந்து, கடைசியாக எப்போது உட்கொண்டார் என்று நோயாளியிடமே கேட்டு எழுத வேண்டும். ஆஸ்பிரினுக்கு அராக்கிடோனிக் அமிலத்தையும், குளோபிடோகிரெல், பிரசுக்ரெல், டிகாகிரெலார் ஆகியவற்றுக்கு ஏடிபி என்னும் வேதிப்பொருளையும் தட்டணுக்களின் தூண்டுபொருளாகக் கொண்ட சோதனை வேண்டும். இது மாறினால் முடிவுக்குப் பொருளே இல்லை. தினமும் 75 மி.கி. குளோபிடோகிரெல் மட்டும் தொடங்கியவருக்கு விளைவு நிலைபெற 3 முதல் 7 நாட்கள் ஆகும் என்பதால், ஒரு வாரம் கழிவதற்குள் சோதித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி. எப்டிஃபிபடைட் அல்லது டிரோஃபிபான் என்னும், இரத்தநாளம் வழியே தரப்படும் தட்டணு எதிர்ப்பு மருந்து செலுத்தப்பட்டிருந்தால், வெரிஃபைநவ் என்னும் தட்டணுச் சோதனைக் கருவியில் சோதிக்க 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பிழைகள் மிகுதியாக நுழைவது இரத்தம் எடுக்கும் இடத்தில்தான். தட்டணு சற்றுத் தொந்தரவுபட்டாலும் தானாகவே விழித்துக்கொள்ளும் அணு. ஆகையால் இரத்தம் தடையின்றி ஓடும் சிரையைத் தேர்ந்து, கையில் கட்டிய பட்டையை நெடுநேரம் வைத்திருக்காமல், முதலில் வரும் இரத்தத்தை வேறொரு குழாயில் விட்டுவிட்டு, அடுத்ததை இரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட் உள்ள குழாயில் குறித்த அளவு வரை நிரப்பி, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. காற்றழுத்தக் குழாய் வழியே அனுப்புவதை விட ஒருவர் கையில் எடுத்துச் செல்வதே நல்லது. வெரிஃபைநவ் கருவியில் பி2ஒய்12 சோதனைக்கு (குளோபிடோகிரெல் வகை மருந்துகளுக்கானது) 10 நிமிடமும் ஆஸ்பிரின் சோதனைக்கு 30 நிமிடமும் மாதிரியை அறை வெப்பத்தில் வைத்திருந்து, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

முடிவை வாசிக்கையில், பி2ஒய்12 சோதனையின் அலகான பிஆர்யூ 208க்கு மேல் இருந்தால் தட்டணுக்கள் போதிய அளவு அடங்கவில்லை என்றும், 85க்குக் கீழே இருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது என்றும் கொள்வது வழக்கம். ஆஸ்பிரின் சோதனையின் அலகான ஏஆர்யூவில் 550 என்பது எல்லை. இரத்தசோகை உள்ளவருக்கு பிஆர்யூ பொய்யாக உயர்ந்து தெரியலாம் என்பதால், ஹீமோகுளோபினையும் தட்டணு எண்ணிக்கையையும் உடன் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திடலாகாது.

மிகுந்த எண் வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் நோயாளி உண்மையில் மாத்திரையை விழுங்குகிறாரா என்று கனிவாகக் கேட்க வேண்டும். குளோபிடோகிரெலைச் செயல்வடிவமாக்கும் கல்லீரல் நொதியை வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் தடுக்கிறது; வலி நிவாரணியான இப்யூபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கக்கூடும். இவை எதுவும் இல்லாதபோதுதான் அந்த நொதியின் மரபணுச் சோதனையையோ, அந்நொதியின் மாற்றம் தேவைப்படாத டிகாகிரெலாரையோ இதய மருத்துவர் பரிசீலிப்பார். அதுவரை நோயாளி தாமாக ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்தக் கூடாது என்பதை, அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்ப வேண்டும்.