கணினியில் இருக்கும் பாட்டுகளைப் பத்திரமாக பேக்கப் எடுப்பது எப்படி?

சில வருஷங்களுக்கு முன் என் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. மறுபடி கணினியில் சொருகியபோது உள்ளே டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. அதில் இருந்த சினிமாப் பாட்டுகளில் முக்கால்வாசியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அக்கா கல்யாணத்தில் அப்பா டேப் ரிக்கார்டரில் பிடித்த நாகஸ்வரக் கச்சேரி மட்டும் போனது போனதுதான். கணினியில் ஏற்றியாயிற்றே என்று கேசட்டையும் தூக்கிப் போட்டிருந்தோம்.

அதனால் எனக்குத் தெரிந்த வரையில், பேக்கப் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் திரும்பக் கிடைக்காத பாட்டு எது என்ற கேள்வி. எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்பது அதற்குப் பிறகு.

படி 1: எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள்

பாட்டுகள் டவுன்லோட்ஸில் கொஞ்சம், டெஸ்க்டாப்பில் கொஞ்சம், போனில் கொஞ்சம் என்று சிதறித்தான் இருக்கும். பிளேயரில் வரிசையாகத் தெரிவதால் ஒரே இடத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். அது காட்டுவது பட்டியலை மட்டும்தான்.

'பாட்டு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் இரண்டு பிரிவு வையுங்கள். 'கிடைக்காதவை' என்பதில் வீட்டில் பதிவு செய்தது, கேசட்டிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் ஏற்றியது, வாட்ஸ்அப்பில் வந்த பாட்டியின் தாலாட்டு, கோவில் திருவிழாவில் நீங்களே பிடித்த நையாண்டி மேளம் எல்லாம் போகட்டும். கடையிலோ இணையத்திலோ மறுபடி வாங்க முடிந்தவை 'கிடைப்பவை'யில். ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'டவுன்லோட்' செய்த பாட்டுகள் இரண்டிலும் சேராது. அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே பாடும், சந்தா நின்றால் அதுவும் இல்லை.

படி 2: பெயர் வையுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதில் நேரம் செலவழிப்பது தகும். 'டிராக் 01' என்று இருக்கும் ஃபைலைப் பத்து வருஷம் கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது. வருஷம், ஊர், பாடியவர் அல்லது வாசித்தவர், ராகமோ பாட்டின் முதல் அடியோ என்ற வரிசையில் பெயரிடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும் பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களை, அதாவது டேக்குகளை, எம்பி3டேக் என்ற மென்பொருளில் மொத்தமாகத் திருத்தலாம். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் எழுதிய டேக்குகள் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை யூனிகோடில், அதாவது இப்போது எல்லாக் கருவிகளும் படிக்கும் எழுத்து முறையில், மறுபடி எழுதுங்கள். பிளேலிஸ்ட்டை எம்3யு8 வடிவில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையாது.

படி 3: எவ்வளவு இடம் வேண்டும்?

ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். 320 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி பிடிக்கும். 5 நிமிடப் பாட்டுகள் 10,000 இருந்தால் 120 ஜிபி. ஒரு 90 நிமிடக் கேசட்டை சிடி தரத்தில் வேவ் (WAV) ஃபைலாக, அதாவது சுருக்காமல், ஏற்றினால் ஏறக்குறைய 950 எம்பி. அதையே ஃபிளாக் (FLAC) என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் பாதி அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

'கிடைக்காதவை'யில் கேசட்டிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் ஏற்றுபவை ஃபிளாக்கில்தான் இருக்க வேண்டும் என்பேன். போனில் கேட்க அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யிலிருந்து ஃபிளாக் ஆக்கினால் இடம்தான் வீணாகும், எம்பி3யாகச் சுருக்கியபோது போன ஒலி திரும்பாது.

படி 4: முதல் பிரதி

உங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கு கொள்ளும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பென்டிரைவ் பாட்டை எடுத்துக்கொண்டு போக நல்லது, வருஷக்கணக்கில் வைத்துக் காக்க வேண்டாம்.

ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இடதுபக்கம் கணினியின் 'பாட்டு' ஃபோல்டர், வலதுபக்கம் ஹார்ட் டிஸ்க். ஒத்திசைவு முறையில் 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மிரர்' வேண்டாம். நீங்கள் கணினியில் தவறுதலாக அழித்த பாட்டை மிரர் பேக்கப்பிலும் அழித்துவிடும், அப்டேட் புதியதையும் மாறியதையும் மட்டும் சேர்க்கும். அழிப்பு, மேலெழுதல் அமைப்பில் 'வெர்ஷனிங்' வைத்து ஒரு ஃபோல்டரையும் காட்டிவிட்டால், டேக் திருத்தும்போது கெட்டுப்போன பாட்டின் பழைய பிரதியும் அங்கே தங்கும். பிறகு 'கம்பேர்', பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு 'சிங்க்ரனைஸ்'.

முடிந்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கணினியோடு சொருகியே கிடந்தால் வைரஸ் வந்தாலும் மின்சாரம் ஏறி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

படி 5: வீட்டுக்கு வெளியே இன்னொன்று

வெள்ளம், தீ, திருட்டு மூன்றுக்கும் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதிகள் போதாது. 'கிடைக்காதவை'யை மட்டுமாவது வெளியே அனுப்புங்கள். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். ஜிமெயிலும் அதே இடத்தைத்தான் பகிர்கிறது என்றாலும் இருபது கேசட்டுகளாவது ஃபிளாக்கில் அடங்கும். இணைய வேகம் போதாதவர்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தங்கை வீட்டு பீரோவில் கொடுத்து வைக்கலாம்.

படி 6: போட்டுக் கேளுங்கள்

ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, ஃபோல்டருக்கு ஒரு பாட்டு வீதம் திறந்து, கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் நின்ற காப்பி தொடக்கத்தில் நன்றாகவே பாடும், பிசகு கடைசியில்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் என்று நான் வைத்திருக்கிறேன். பார்த்த தேதியை ஹார்ட் டிஸ்க் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுதிவிடுவேன்.

இவ்வளவும் முடிந்த பிறகும் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாடாவை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது.