மார்பகம் பெரிதாக்கும் ஆபரேஷன்: குடம் தூக்காத ஆறு வாரத்துக்குத் தயாராவது

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டீர்களா? சரி, முதலில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் யார் பிடிப்பது என்று முடிவு செய்யுங்கள். எனக்கு இந்த ஆபரேஷன் ஆனபோது, சென்னை தண்டையார்பேட்டையில் நான் தடுமாறியது வலியில் இல்லை, அடிபம்பில்தான். மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பைதான் இம்ப்ளாண்ட். அதைப் பல நேரம் மார்புத் தசைக்கு அடியில் வைப்பார்கள். பம்பு அடிக்கும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் வேலை செய்வது அதே தசைதான்.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். உள்ளே வைப்பது சிலிக்கோன் ஜெல்லா, உப்புநீரா? தசைக்கு மேலா, கீழா? மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சொரசொரப்பான சில வகைகளுக்கும் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்து, அலர்கான் நிறுவனம் 2019-ல் தன் பயோசெல் வகையைத் திரும்பப் பெற்றது. எந்த வகையாக இருந்தாலும் ஆயுள் முழுக்க உழைக்காது, பிறகு மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரலாம். அழகுக்காகச் செய்தால் இன்சூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது. காசில்லாதவர்களுக்காக நம்ம ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் இதை இலவசமாகத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் இப்போதைய நிலையை விசாரியுங்கள்.

நான்கு வாரம் முன்பே சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், காயம் ஆறாது. ஆஸ்பிரின், புரூஃபென், நாட்டு மருந்து என்று எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். எதை, எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். சாப்பாட்டை ஆறு மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொது வழக்கம். பால் டீ தண்ணீர்க் கணக்கில் வராது!

அப்புறம் துணி வாங்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு ஒரு நடை. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வாங்குங்கள், தலை வழியாக மாட்டுவது வேண்டாம். புது அளவில் பிரா மட்டும் இப்போதே வாங்காதீர்கள், வீக்கம் வற்ற மூன்று மாதம்கூட ஆகலாம். வீட்டில் பரண்மேல் இருக்கும் அரிசி, பருப்பு எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கட்டும்.

வீடு திரும்ப ஷேர் ஆட்டோ வேண்டாம், நம்ம ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் நெஞ்சில் இடிக்கும். கார் பிடித்து, சீட் பெல்ட்டுக்கு அடியில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் நெஞ்சில் அம்மிக்கல் வைத்த மாதிரி இருக்கும். முதுகில் இரண்டு மூன்று தலையணை கொடுத்து மல்லாந்து, சாய்ந்தபடி தூங்குங்கள். அவ்வப்போது எழுந்து நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது. வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், கொய்யாவும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். டாக்டர் சொன்ன பிறகே குளியல். தலை பின்ன ஆள் பிடியுங்கள். எனக்கு என் நாத்தனார் பின்னிவிட்டாள், அண்டை வீட்டுக்கு ‘நெஞ்சுல கட்டி’ என்று கதையும் சொல்லிவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மார்பைத் தாங்கப் போடும் சர்ஜிக்கல் பிராவை ராத்திரியும் கழற்றக் கூடாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அடியில் வேர்த்து அரிக்கும், மாற்றிக்கொள்ள இரண்டாவது ஒன்று தேவை. குழந்தையைத் தூக்காதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளலாம். குடம், பம்பு, துணி பிழிவதெல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு, அதுவும் டாக்டர் சரி என்றால்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினாலோ, காய்ச்சல் 101-ஐத் தாண்டினாலோ, சீழ் வந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜின்போது இம்ப்ளாண்ட் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். என்ன வகை, என்ன எண் என்று அதில் இருக்கும். பின்னாளில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் முதலில் அதைக் காட்ட வேண்டும். என்னுடையது ரேஷன் கார்டு உறையிலேயே இருக்கிறது.