ஆய்வுரை கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் காசு செலவில்லாமல் கிடைக்கிற நல்ல விஷயங்களில் ஆய்வுரைகளும் ஒன்று. தரமணிப் பக்கம் போனால் கணித அறிவியல் நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், அப்புறம் ஐ.ஐ.டி. ஏதாவது ஓர் அரங்கில் கருந்துளை பற்றியோ கல்வெட்டு பற்றியோ நிலத்தடி நீர் பற்றியோ யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. ஆனாலும் போனவர்களில் பாதிப் பேர் ‘ஒண்ணும் புரியலை’ என்று முதல் தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ‘பிரமாதம்’ என்கிறார்கள். என்ன பிரமாதம் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. பேசியவர் சரியில்லை என்று சொல்வது சுலபம். பல நேரம் கோளாறு நாம் கேட்ட விதத்தில் இருக்கிறது.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது: தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. ஆராய்ச்சி நிறுவனங்களின் அறிவிப்புப் பலகையில் எல்லாமே ‘உரை’ என்றுதான் தெரியும். ஆனால் செமினார் என்றால் அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. கொலோக்கியம் என்றால் பக்கத்துத் துறைக்காரர்களுக்கும் புரியும்படி பேச முயல்வது. பொது உரை என்று போட்டிருந்தால்தான் நம்மை மனதில் வைத்துத் தயாரித்தது. இயற்கணித வடிவியல் செமினாருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு ‘கணிதம் நமக்கு வராது’ என்று முடிவுகட்டினால், தப்பு கணிதத்தின் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. அறிவிப்பில் தலைப்புக்குக் கீழே நாலு வரிச் சுருக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். முதல் இரண்டு வாக்கியம் பிடிபட்டால் தைரியமாகப் போகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாடமியில் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. கச்சேரி மேடையில் விஞ்ஞானிகள் ஏறி, பொதுமக்களுக்காகவே பேசுகிறார்கள். முதல் உரையாக அது நல்ல தேர்வு.

சில வளாகங்களில் வாயிற்காவலரிடம் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கும், சிலவற்றில் முன்பதிவும் தேவைப்படும். இதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நேரம். நம் ஊர் விழாக்களின் பழக்கத்தில், ஐந்தரை என்று போட்டிருந்தால் ஆறு மணிக்குப் போனால் போதும் என்று நினைக்கிறோம். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அந்தக் கணக்கு சில சமயம் பலிக்கும். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, அறக்கட்டளை நிறுவியவரின் புகழ் எல்லாம் முடிந்து ஆய்வாளருக்கு மைக் கிடைக்கும்போது அரங்கில் காபி வாசனை வந்துவிட்டிருக்கும். (அமைப்பாளர்கள் திருந்த வேண்டிய விஷயம் இது. வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துவிட்டு, அவர் பேச இருபது நிமிடம் கொடுப்பது என்ன மரியாதை?) ஆனால் அறிவியல் நிறுவனங்களில் நாலு மணி என்றால் பெரும்பாலும் நாலு மணிதான். அங்கே பத்து நிமிடம் தாமதமாகப் போனால் போச்சு. பொது உரையில் நமக்கென்றே வைக்கிற பகுதி அந்த முதல் பத்து நிமிடம்தான். கேள்வி என்ன, அது ஏன் முக்கியம், எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் பயன்படுத்தப் போகிறார் எல்லாம் அதில் வந்துவிடும். அதைத் தவறவிட்டவர் கடைசிவரை பக்கத்து இருக்கைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி காது. மேடைப் பேச்சும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. எதுகை மோனை, நடுவில் ஒரு நகைச்சுவை, கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்துவது எல்லாம் நமக்குப் பிடிக்கும், பிடிப்பதில் தப்பே இல்லை. ஆய்வுரையிலும் அதையே எதிர்பார்ப்பதுதான் சிக்கல். நல்ல ஆய்வாளர் பல நேரம் தடுமாறித்தான் பேசுவார். ‘இப்படி இருக்கலாம்’, ‘இதுவரை கிடைத்ததை வைத்துப் பார்த்தால்’, ‘இந்த ஒரு இடத்தில் மட்டும் பொருந்தவில்லை’ என்று இழுப்பார். நம் காதுக்கு அது பலவீனமாகக் கேட்கும். உண்மையில் உரையில் குறித்துக்கொள்ள வேண்டிய இடமே அதுதான். எது உறுதி, எது ஊகம் என்று அவர் கோடு கிழித்துக் காட்டுகிறார். மார்கழியில் மியூசிக் அகாடமியின் காலை நேர லெக்டெம்களிலும் (பாடிக் காட்டி விளக்கும் உரைகள்) இதே கதைதான். ஒரு ராகத்தின் ஒரு பிரயோகம் பழைய ஏடுகளில் எப்படி இருந்தது, எப்போது மாறியது என்று ஒருவர் ஆராய்ந்துகொண்டிருப்பார். கச்சேரி கேட்கும் மனநிலையில் வந்தவர் பாதியில் கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடுவார்.

பேச்சு வன்மையும் பெரிய பெயரும் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நம் ஊர்ப் பிள்ளை ஒருவரின் கதையே இருக்கிறது. மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் தன் ஆய்வைப் படித்தார். வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அது அந்த நிலையில் நிலைத்து நிற்க முடியாது என்பது அவர் கணக்கு. சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் வரம்பு அது. அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அன்றைய வானியலின் பெரும்புள்ளி, அபாரமான பேச்சாளர். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று கிண்டலடித்தார். அவை சிரித்தது. அன்று அரங்கை விட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டிருந்தால் எடிங்டன் ஜெயித்தார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சரியாக இருந்தது சந்திரசேகரின் கணக்கு. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. யார் சொன்னார், எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எதை வைத்துச் சொன்னார் என்று கேட்க இந்த ஒரு மாலைப்பொழுதே போதுமான காரணம்.

எதை வைத்துச் சொன்னார் என்று கவனிக்காமல் விட்டுவிட்டு, முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தமிழ்நாட்டில் இது அதிகம் நடப்பது தொல்லியல் உரைகளில். அரங்கம் நிரம்பி வழியும், எல்லோரும் ஓர் எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த சிவகளையை எடுத்துக்கொள்வோம். அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் பரவியது அந்த எண் மட்டும். உரையில் கேட்க வேண்டியது அதன் பின்னால் இருக்கிறது. உயிருள்ளவை கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் சிதைந்துகொண்டே போகும், சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். ஆகவே இந்த முறை வயது சொல்வது உமிக்கு, தாழிக்கு இல்லை. உமியும் தாழியும் ஒரே காலத்தவை என்று எதை வைத்துச் சொல்கிறோம், மண்ணடுக்கு கலையாமல் இருந்ததா, எத்தனை மாதிரிகளை அனுப்பினார்கள் என்பதெல்லாம் தனிக் கேள்விகள். தவிர, ஆய்வகம் தருவது ஒற்றை ஆண்டு இல்லை, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று ஒரு வரம்பு. ஸ்லைடில் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். செல்போனில் படம் எடுப்பவர்கள் பெரிய எண் மட்டும் பளிச்சென்று தெரியும்படி எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முறையைக் கவனிக்காவிட்டால் கேள்வியும் கோணலாகிவிடும். சென்னையிலிருந்து அதிக தூரமில்லாத அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் பற்றி எங்கே உரை நடந்தாலும் ‘கார்பன் டேட்டிங் எடுத்தீர்களா?’ என்று ஒரு குரல் கேட்கும். கல்லில் அளக்க அந்தக் கார்பன் கிடையாது. கரித்துண்டே கிடைத்தாலும் சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த முறை எட்டாது. அத்திரம்பாக்கத்தில் பேசப்படுவதோ லட்சங்களில். அங்கே ஓர் அடுக்கின் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2018இல் வெளியான ஆய்வு, கருவியைச் சுற்றியிருந்த மண்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளந்து சொன்னது. அதற்குக் கீழே இருந்த இன்னும் பழைய அடுக்குகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு என்று 2011இல் வந்த முடிவுக்கு வழி வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அடுத்த தொல்லியல் உரை உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரிதான்.

கேள்வி நேரத்துக்கு வருவோம். நடு வரிசையில் ஒருவர் எழுந்திருக்கிறார். மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறார். ‘வணக்கம், நான் மத்திய அரசுப் பணியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன்’ என்று தொடங்குகிறார். புயல் எப்படி உருவாகிறது என்பது பற்றி உரை. அவர் தன் சிறுவயதுப் புயல் ஒன்றைச் சொல்லி, பஞ்சாங்கத்துக்குப் போய், சித்தர்கள் அன்றைக்கே எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று வந்து, ‘இதைப் பற்றித் தங்கள் மேலான கருத்து?’ என்று முடிக்கிறார். பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு கையைத் தூக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் கையை இறக்கிவிடுகிறார். நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பெரியவரை எல்லோருக்கும் தெரியும். எந்த அரங்கிலும் ஒருவர் இருப்பார்.

கேள்வி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதாக இருக்கட்டும். கேட்கத் தோன்றியதைப் பேச்சின் நடுவிலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மைக் வரும்போது உளற மாட்டோம். ‘இதே சான்றை வைத்து வேறு மாதிரி சொல்பவர்கள் இருக்கிறார்களா?’, ‘என்ன கிடைத்தால் நீங்கள் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?’ என்ற இரண்டும் எந்தத் துறைக்கும் செல்லுபடியாகும். பேசியவரும் பெரும்பாலும் முகம் மலர்ந்து பதில் சொல்வார். கணிதக்காரரிடம் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்பது தப்பில்லை, ஆனால் அது அவர் ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. பகா எண் ஆராய்ச்சி பல நூற்றாண்டுகள் சும்மா கிடந்து, 1977இல் பகா எண்களை வைத்து ஒரு ரகசியக் குறியீட்டு முறை வந்த பிறகு இணையப் பாதுகாப்புக்குக் கைகொடுத்த கதையைச் சொல்வார், உங்கள் முறை முடிந்துவிடும்.

இங்கிலீஷ் சரளமாக வராது என்பதற்காகவே வாய் திறக்காமல் வருகிறவர்கள் நிறைய. தமிழிலேயே கேளுங்கள். இந்த ஊர் அரங்குகளில் பேசுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். தமிழில் வரும் கேள்வி பெரும்பாலும் சுருக்கமாகவும் நேராகவும் இருக்கும், அரங்குக்கும் அது நல்லது.

தன் துறைக்கு மட்டும் போவதும் ஒரு நஷ்டம்தான். பொறியாளர் கல்வெட்டு உரைக்குப் போனால், பாதி அழிந்த ஓர் எழுத்தை எப்படி ஊகித்து நிரப்புகிறார்கள் என்று பார்க்கலாம். அதில் இருக்கும் கறார்த்தனம் அவருக்குப் புதிதாக இருக்கும்.

கைதட்டல் முடிந்த உடனே பஸ் பிடிக்க ஓடாதீர்கள். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அவருடைய அணு இயற்பியல் புத்தகத்தை ஏற்கெனவே படித்திருந்த மாணவர் சந்திரசேகர், உரையோடு நிற்காமல் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசு, இயற்பியல் மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், அப்போது இன்னும் வெளிவராத தன் கட்டுரை ஒன்றின் அச்சுப் படிகளைக் கையில் கொடுத்தார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றிய அந்தக் கட்டுரையிலிருந்து கற்ற புதிய புள்ளியியலைத்தான் (எலக்ட்ரான் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் முறை), 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் சந்திரசேகர் நட்சத்திரங்களுக்குப் போட்டுப் பார்த்தார். மேலே சொன்ன நிறை வரம்பு பிறந்தது அதிலிருந்துதான்.

இன்றைக்கு ஹோட்டல்வரை போக வேண்டியதில்லை. டீ மேசைப் பக்கம் நின்றால் போதும், பேசியவர் அங்கேதான் வருவார். செல்ஃபி கேட்பதற்கு முன்னால் ‘இதைப் பற்றி அடுத்து எதைப் படிக்கலாம்?’ என்று கேளுங்கள். ஒரு கட்டுரையோ புத்தகமோ சொல்வார், மின்னஞ்சல் முகவரியும் கொடுப்பார். அதற்கு எழுதும்போது ஒரே கேள்வி எழுதுங்கள், எந்த ஸ்லைடு பற்றி என்று குறிப்பிடுங்கள். பதில் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம்.