ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சியோடு பொருளியலையும் படிப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, எல்.பி. (கீழ்நிலைத் தொடக்கப்) பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்களில் சிலர் பொருளியலையும் கைவிடாமல் படிக்க எண்ணுகிறார்கள். அவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது படிப்பின் அமைப்பை. டி.எல்.எட். என்பது ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. அதில் விருப்பத் துணைப்பாடத்துக்கு இடமில்லை. மேஜர் (முதன்மைப் பாடம்), மைனர் (துணைப் பாடம்) என்னும் பிரிவு, கேரள மாநிலப் பல்கலைக்கழகங்களில் 2024இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில்தான் உண்டு. பி.எட். முடித்துவிட்டால் சின்ன வகுப்புகளுக்கும் போய்விடலாம் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. ஆரம்ப வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சித்தூர் அரசுக் கல்லூரியைப் போலத் தமிழ்த்துறை உள்ள கல்லூரியில் தமிழை மேஜராக எடுப்பவர்கள், அங்கே பொருளியல் மைனராகக் கிடைக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொண்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறி, பிறகு டி.எல்.எட். சேரலாம். வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் தேவைப்படுகிறவர்கள் டி.எல்.எட்., கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் பிரிவு இரண்டையும் முடித்துவிட்டு, பொருளியலை அஞ்சல்வழியில் படிப்பது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப்போட்டுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பள்ளியில் கற்பித்தல் பயிற்சி தொடங்கிவிட்டால் பாடக்குறிப்பு எழுதவே இரவு போதாது.

பாடத்தாள்களைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் புள்ளியியலை முதலில் எடுங்கள். இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பத்துப் பேர் பத்துக்கு ஒன்பதும், மற்ற பத்துப் பேர் மூன்றும் வாங்கினால் சராசரி ஆறு. ஆனால் ஆறு வாங்கிய பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. சராசரியை மட்டும் நம்பிப் பாடம் நடத்துபவர் இல்லாத மாணவருக்குப் பாடம் நடத்துகிறார் என்பது, பரவல், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்று படித்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கல்விப் பொருளியல். பின்னாளில் 2019ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கென்யப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகங்களை வழங்கிச் சோதித்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்த மாணவர்களுக்கு மட்டுமே அவை பயன்பட்டன. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசிக்கொண்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்கள், முழுத் தாளையும் படிக்க முடியாவிட்டாலும் இந்த ஆய்வையாவது படித்துவிட வேண்டும். கணிதப் பொருளியல் போன்ற உயர்நிலைத் தாள்கள் முதுகலைக்குப் போகிறவர்களுக்கானவை, அவற்றை விட்டுவிடலாம்.

தேவை, அளிப்பு, பற்றாக்குறை ஆகியவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் தக்காளி விலையைச் சில வாரங்கள் தொடர்ந்து குறித்து, வரத்து கூடிய நாளையும் குறைந்த நாளையும் ஒப்பிட்டால் ஒரு செயல்திட்டமே தயாராகிவிடும். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர் வயல்களுக்கு வர வேண்டும்; வரத்துக் குறையும் ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியைவிடத் தெளிவாகப் பற்றாக்குறையை விளக்கும் பாடம் இல்லை. சின்ன வகுப்புக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டே போதும்: அதன் பின்பக்கத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும், அதில் தமிழையும் மலையாளத்தையும் தேடச் சொல்லிவிட்டு, இந்தத் தாளைக் கடைக்காரர் ஏன் வாங்கிக்கொள்கிறார் என்று கேளுங்கள்.

கல்லூரி விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும் என்பதால், தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களைத் தமிழில் பதிவிறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கலைச்சொற்களுக்குத் திண்டாட வேண்டியிருக்காது.

மைனரை மட்டும் வைத்துக்கொண்டு மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குக் கேரளத்தில் பொருளியல் முதுகலை, பி.எட்., செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி ஆகியவை வேண்டும். பொருளியல் முதுகலைச் சேர்க்கைக்கு மைனர் ஏற்கப்படுமா, எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக விதியில் இரண்டாம் ஆண்டிலேயே பார்த்துவிடுங்கள். அதன் பிறகு தாள்களை மாற்றிக்கொள்வது கடினம்.