பொது இடத்தில் மனிதர்களைக் கவனிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சமூகவியல் படிக்கிறவர்களுக்கும் கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கும் ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த வேலை வந்துவிடும். ஒரு பொது இடத்துக்குப் போ, ஒரு மணி நேரம் உட்கார், பார்த்ததை எழுதிக்கொண்டு வா. கேட்க சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் எழுதி வருகிற தாள்களில் பார்த்தது குறைவாகவும், போவதற்கு முன்பே மனதில் இருந்தது நிறையவும் இருக்கும். நம்ம ஆட்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது, எல்லோரும் போனில் மூழ்கிக் கிடக்கிறார்கள், நகரத்தில் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. இந்த மூன்று வாக்கியங்களை எழுத வீட்டை விட்டுக் கிளம்பவே தேவையில்லை.

கண்ணில் படுகிற நடத்தைக்கு உடனே ஆளின் குணத்தைக் காரணமாகச் சொல்லிவிடுவதுதான் இதில் பெரிய தவறு. வரிசையையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மாநகரப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பேருந்து நிழற்குடைக்கு நேராக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முன்னால் ஒரு ஆட்டோ நின்றால் நடுச்சாலையில் நிற்கும், இரண்டு பேருந்துகள் சேர்ந்து வந்தால் பின்னால் வந்தது இருபதடி தள்ளி நிற்கும். அங்கே ஒழுங்காக வரிசையில் நிற்கிறவர் பேருந்தைத் தவறவிடுவார், ஓடுகிறவருக்குத்தான் இடம். அதே ஆட்கள் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், மெட்ரோவில் பையைச் சோதனைக்குக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள், திருப்பதியில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். குணம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? அதனால் ஆளை விட்டுவிட்டு அந்த இடத்தின் ஏற்பாட்டைப் பாருங்கள். அங்கே எப்படி நடந்துகொண்டால் காரியம் நடக்கும், எப்படி நடந்துகொண்டால் நஷ்டம் என்று கேளுங்கள்.

இன்னொன்று. அதே நிறுத்தத்தில் ஒரு பேருந்து கிட்டத்தட்ட காலியாக வந்து நிற்கும். நின்றுகொண்டிருக்கும் பெண்கள் ஏற மாட்டார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, டீலக்ஸில் உண்டு. பிங்க் நிறம் பூசிய வண்டி வரும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். ஒரு அரசாணை, ஒரு பெயின்ட் நிறம், அந்த வீட்டின் மாதச் செலவு எல்லாம் சேர்ந்து அந்த ஏறாமல் நிற்பதில் இருக்கிறது. வெறுமனே பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் "ஏங்க்கா, இதுல ஏறலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து, பார்த்ததை எழுதாமல் முடிவை எழுதுவது. மெரினாவில் எடுத்த குறிப்பேடுகளில் "காதலர்கள்" என்று ஒரு வார்த்தை நிச்சயம் இருக்கும். அதை எழுதிய பிறகு நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள். ஒரு ஆண், ஒரு பெண், விரித்த குடை, குடை சாலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இவ்வளவுதான் நீங்கள் பார்த்தது. மாலை வெயிலும் மேற்கே சாலைப் பக்கமிருந்துதான் வருகிறது, ஆகவே குடை வெயிலுக்காகவும் இருக்கலாம். வெயில் இறங்கிய பிறகும் மடக்கவில்லையா, சுண்டல் விற்கிற பையன் வரும்போது இன்னும் தாழ்த்துகிறார்களா, அப்போது அது பார்வையிலிருந்து மறைவதற்கான குடை என்று எழுத உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. "ஏழை", "வெட்டியாக நிற்பவர்", "படித்தவர்" எல்லாமே இப்படிப்பட்ட வார்த்தைகள்தான். குறிப்பேட்டின் இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைத்தது என்று கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம், ஆனால் பெரிய வித்தியாசம் தெரியும்.

யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை என்ற புகாருக்கு வருவோம். அமெரிக்காவில் வேலை செய்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-லேயே இதைப் பற்றி எழுதினார். முன்பின் தெரியாதவர்கள் எதிரே வரும்போது ஒரு நொடி பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். நீ இருப்பது எனக்குத் தெரியும், உன்னைத் துருவ மாட்டேன் என்று அதற்குப் பொருள். அதாவது அந்தப் பாராமுகமே ஒரு மரியாதை. சரி, இதைப் படித்ததும் அடுத்த தவறு தயாராகிவிடும். அமெரிக்க நகரத்துக்குப் பொருந்தியதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. நம் டவுன் பஸ்ஸில் நிற்கிற பெண் தன் பையை உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர் மடியில் வைக்கிறார். குழந்தையைக்கூட வாங்கி உட்கார வைத்துக்கொள்கிறார்கள். நெரிசலில் "ஒரு தாம்பரம் வாங்குங்க" என்று நீட்டிய ஐம்பது ரூபாய் ஐந்தாறு கைகள் மாறி நடத்துநரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. இங்கே உள்ள விதி என்ன? யார் யாரிடம் பையைக் கொடுக்கிறார்கள், யாரிடம் கொடுக்கத் தயங்குகிறார்கள்? ஆணிடமா, பெண்ணிடமா, எந்த உடையில் இருப்பவரிடம்? இதை ஒரு வாரம் கவனித்தால் நல்ல கட்டுரையே கிடைக்கும்.

இல்லாதவர்களை எண்ணாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. இரவு ஒன்பது மணிக்கு டீக்கடை வாசலில் பதினைந்து பேர் நிற்கிறார்கள் என்று எழுதுவோம், பதினைந்தும் ஆண்கள் என்பது கண்ணிலேயே படாது. ஒரு பெண் வந்தால் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார், நிற்பதில்லை. மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டது இதைத்தான்: பெண்கள் பொது இடத்தில் சும்மா நிற்க முடியாது, ஏதோ வேலையாக வந்ததுபோல் எப்போதும் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது அந்த "போனில் மூழ்கிக் கிடக்கிறார்கள்" என்ற வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். நிறுத்தத்தில் தனியாக நிற்கும் பெண் காதில் வைத்திருக்கும் போனில் மறுமுனையில் யாருமே இல்லாமல்கூட இருக்கலாம்.

சாதியும் அப்படித்தான். 1924-ல் வைக்கத்தில் போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடப்பதற்காக நடந்தது, பெரியார் அதற்காகச் சிறை போனார். 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் போனது ஒரு பொதுக்குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடிக்க. இந்த நாட்டில் பொது இடம் என்று ஒன்று தானாக இருந்ததில்லை. கிராமத்து டீக்கடையில் யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் நின்றே குடிக்கிறார்கள், கண்ணாடி கிளாஸ் யாருக்கு, பேப்பர் கப் யாருக்கு என்று பார்க்காமல் "மக்கள் கூடிப் பேசும் இடம்" என்று எழுதுவது பாதிப் பொய்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மணி நேரத்தைப் பார்த்துவிட்டு இடத்தைப் பற்றிப் பேசாதீர்கள். விடிகாலை மெரினாவும் ஞாயிறு மாலை மெரினாவும் வேறு வேறு இடங்கள். அப்புறம், மக்கள் சொல்வதை மட்டும் நம்பவும் கூடாது. நியூயார்க்கில் 1970-களில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் சதுக்கங்களைக் கேமரா வைத்துப் படம் பிடித்தார். கூட்டத்திலிருந்து விலகி இருக்கப் பிடிக்கும் என்று மக்கள் சொன்னார்கள், ஆனால் கூட்டம் இருக்கிற இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். நின்று பேசுகிறவர்கள் ஒதுங்கிப் போகாமல் நடைபாதையின் நடுவிலேயே பேசினார்கள். கேட்பதும் வேண்டும், பார்ப்பதும் வேண்டும்.

குறிப்பை அங்கேயே எழுதுங்கள், அல்லது அன்றே. சமூக மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றைப் பற்றித் தொகுத்து வைத்திருந்த களக்குறிப்புகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் எரிந்துபோய், அவர் நினைவிலிருந்து ஒரு புத்தகமே எழுதினார் என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் அந்த ஊரில் 1948-ல் மாதக்கணக்கில் தங்கி, பிறகு பல ஆண்டுகள் அந்தக் குறிப்புகளோடு வாழ்ந்தவர். ஒரு மணி நேரம் பார்த்த நமக்கு அது பொருந்தாது.

கடைசியாக, நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள். தி. நகர் நடைபாதையில் நோட்டும் கையுமாக நின்றால் கடை போட்டிருப்பவர்கள் உங்களை மாநகராட்சி ஆள் என்று நினைப்பார்கள். நீங்கள் எழுதப்போவது அந்தப் பயத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான். யார் என்று சொல்லுங்கள், ஏதாவது வாங்குங்கள், நாலு நாள் போங்கள். பொது இடம்தானே, யாரைப் பற்றி எழுதினால் என்ன என்ற எண்ணமும் ஆபத்து. 1960-களில் அமெரிக்காவில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர் பூங்காக் கழிப்பறைகளில் சந்தித்துக்கொண்ட ஆண்களைக் கவனித்து, அவர்களின் கார் எண்களைக் குறித்து, முகவரி கண்டுபிடித்து, ஒரு வருடம் கழித்து மாற்றுத் தோற்றத்தில் உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லி வீட்டுக்கே போனார். தன்பாலுறவு அங்கே குற்றமாக இருந்த காலம் அது. அந்தக் காகிதம் வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் எத்தனை பேரின் வேலையும் குடும்பமும் போயிருக்கும்? நம்மிடம் இருப்பது இன்னும் வேகமான போன் கேமரா. குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். பூ விற்கிற அம்மா போலீஸ்காரருக்குத் தினமும் எவ்வளவு கொடுக்கிறார் என்று உங்களை நம்பிச் சொல்லியிருந்தால், அவர் எந்தக் கடைக்கு எதிரே எத்தனை மணிக்குக் கூடையை இறக்குகிறார் என்பதை உங்கள் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.