அரிசி வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குகிறார்? ஆர் மென்பொருளில் கன்ஜாயின்ட் பகுப்பாய்வு

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் குத்தி விற்கும் எங்கள் ஊர்ப் பெண்கள், "எந்த அரிசியை என்ன விலைக்குப் போட்டால் சனம் வாங்கும் தம்பி?" என்று கேட்டார்கள். "விலை முக்கியமா?" என்று சந்தையில் நேரே கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். ரகம், தீட்டல், விலை மூன்றையும் ஒரே அட்டையில் எழுதிக் காட்டி, எதை விட்டு எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். இதுதான் கன்ஜாயின்ட் பகுப்பாய்வு.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளிலும் செய்யலாம். ஆனால் அதற்குக் காசு வேண்டும், கன்ஜாயின்ட் கட்டளைக்கு மெனுவும் கிடையாது. ஆர் இலவசம், அதில் 'கன்ஜாயின்ட்' பொதியை (ஆரோடு சேர்க்கும் கட்டளைத் தொகுப்பை) நிறுவுங்கள். பொதியின் பெயரில் சின்ன 'சி', கட்டளையின் பெயரில் பெரிய 'சி'. மாறினால் ஓடாது.

1. ரகம்: நாடு, சம்பா, மொட்டைக்கறுப்பன். தீட்டல்: தவிட்டோடு, தீட்டியது. கிலோ விலை: 220, 260, 300 ரூபா. எக்ஸ்பாண்ட்.கிரிட் கொடுத்தால் 18 சேர்க்கைகள் வரும். ஒவ்வொரு சேர்க்கையும் ஓர் அட்டை. சிஏஃபேக்டோரியல்டிசைன் கட்டளையில் அட்டைகளின் எண்ணிக்கை 9 என்று கொடுத்துக் குறையுங்கள்.

2. அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, பிடித்த ஒழுங்கில் அடுக்கச் சொல்லுங்கள்.

3. நான் இரண்டு நாள் மாரடித்தது இங்கேதான். ஒரு அக்கா அடுக்கியதை 4, 7, 1, 9, 2, 5, 8, 3, 6 என்று குறித்து, அப்படியே உள்ளிட்டேன். விடையில் தலையும் காலும் இல்லை. அவை அட்டை எண்கள். மென்பொருளுக்கு வேண்டியது ஒவ்வோர் அட்டையும் எத்தனையாம் இடம் என்பது. 1ஆம் அட்டை 3ஆம் இடம், 4ஆம் அட்டை முதலிடம். அந்த வரிசையை ஆர்டர் கட்டளைக்குள் போட்டால் இடங்கள் தானாக வரும்.

அதோடு முடியவில்லை. திருத்தி ஓட்டியபோது 300 ரூபா அரிசிதான் எல்லோருக்கும் விருப்பம் என்று வந்தது! இடம் 1 என்பது மிகப் பிடித்தது. மென்பொருளோ பெரிய எண்ணைத்தான் பிடித்தது என்று கொள்ளும். 10இலிருந்து இடத்தைக் கழியுங்கள்: முதலிடத்துக்கு 9, கடைசிக்கு 1.

4. ஆளுக்கு ஒரு வரி, அட்டைக்கு ஒரு நிரல். கன்ஜாயின்ட் கட்டளையில் விருப்பங்கள், எண்ணாக்கிய அட்டைகள் (நாடு, சம்பா என்பதற்குப் பதில் 1, 2 என்று எழுதியவை), நிலைப் பெயர்கள் (நாடு, தீட்டியது, 220 போன்றவை) மூன்றையும் கொடுங்கள். நிலைப் பெயர்களின் ஒழுங்கு முதற்படியில் கொடுத்த ஒழுங்கேதான்.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பயன்மதிப்பு, அதாவது அது எவ்வளவு பிடித்தது என்ற அளவு, வரும். ரகம், தீட்டல், விலை என்ற பண்புகளில் ஒரு பண்பின் மதிப்புகளைக் கூட்டினால் பூச்சியம். உதாரணமாக விலைக்கு 2.1, −0.2, −1.9 என்றால் வீச்சு (பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசம்) 4. ரகத்தின் வீச்சு 2.5, தீட்டலின் வீச்சு 1.5 என்றால் மொத்தம் 8. அதில் 4 விலையுடையது, ஆகவே விலையின் முக்கியத்துவம் 50%. இந்த 50%, 220 முதல் 300 வரையான விலைக்கு மட்டுமே பொருந்தும். விலை இடைவெளியை அகட்டினால் அதுவும் கூடும். ஆகவே சந்தையில் உண்மையில் ஓடும் விலைகளையே போடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒரு தங்கச்சிக்கு "மொட்டைக்கறுப்பன்" கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். விண்டோஸில் 4.2க்கு முந்திய ஆர் தமிழ் எழுத்தைக் குழப்பும். புதிய பதிப்பைப் போட்டு, எக்செல் கோப்பை யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த பிறகு அவவுக்குச் சரிவந்தது.